வருடக்கணக்காகக் கேட்டும் சலிக்காத, அதிகம் பேசப்படாத இசைக்குழு என்று எதைச் சொல்வீர்கள்?

ஆல்ஃபா அண்ட் ஒமேகா. பெயரைச் சொன்னதும் "வாட்ச் கம்பெனியா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, 1980களில் லண்டனில் சேர்ந்த இரண்டு பேர். கிறிஸ்டின் உட்பிரிட்ஜ் பேஸ் கித்தார், ஜான் ஸ்ப்ரோசன் கீபோர்டு. வாசிப்பது டப் ரெகே.

டப் தெரியாதவர்களுக்கு: ஜமைக்காவில் பிறந்த ரெகே பாட்டில் குரலை உருவிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் நிறுத்தி, மற்றதையெல்லாம் எதிரொலியில் அலைய விடுவது. 1970களில் ஜமைக்காவின் கிங் டப்பி இதை ஒரு கலையாகவே ஆக்கினார். ஆள் அடிப்படையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர். அவருடைய டப்பில் வெட்டு, மௌனம், மறுபடி ஒரு வெட்டு என்று போகும். இவர்களுடையது பனிமூட்டம். எல்லாம் கலங்கலாக மிதக்கும், அடியில் பேஸ் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும்.

முதலில் மலிவான இயர்ஃபோனில் கேட்டேன். யாரோ கிணற்றுக்குள் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நண்பனின் அறையில், பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரில் போட்டான். ஸ்பீக்கர் மேல் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் கிறிஸ்டினின் ஒவ்வொரு சுரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்தது. சரி, இது காதுக்கு மட்டும் செய்த இசை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உண்மையில் இது சவுண்ட் சிஸ்டத்துக்கான இசை. அதாவது, பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, இசைத்தட்டு போட்டுக் கூட்டத்தை ஆடவைக்கும் ஏற்பாடு. லண்டனின் ஜா ஷாகா என்பவர் ஒரே ஒரு டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு அதை விடிய விடிய நடத்துவார். 2023இல் காலமாகிவிட்டார். இவர்களுடைய டப்பிளேட்களை அவர் சுழலவிட்டிருக்கிறார். டப்பிளேட் என்பது கடைக்கு வராமல் சவுண்ட் சிஸ்டத்துக்கென்றே வெட்டும் தட்டு. மென்மையானது, போடப்போடத் தேயும்.

எனக்கு இவர்களிடம் ரொம்பப் பிடித்தது கூட்டு முயற்சிகள். டப் ஜூடா, ஜோனா டான், டிசைப்பிள்ஸ் என்று பலரோடு சேர்ந்திருக்கிறார்கள். வழக்கமாக விருந்தாளி வந்தால் குழு பின்வாங்கி வழிவிடும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. வந்தவரும் அந்தப் பனிக்குள் இறங்க வேண்டியதுதான். பாடகர் ஒரு வரி பாடுவார், அதன் கடைசிச் சொல் மட்டும் நாலைந்து தடவை திரும்பி வந்து கரைந்துபோகும். அடுத்த வரி எப்போது வரும், வருமா என்பதே தெரியாது. அந்தக் காத்திருப்புக்காகவே ஜோனா டானோடு செய்த 'ஸ்பிரிட் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துப் போட்டால் எது எங்கே முடிந்தது என்று எனக்கே குழம்பும்.

'வாட்ச் அண்ட் ப்ரே'யில் தொடங்குங்கள். பிடித்தால் டிசைப்பிள்ஸோடு சேர்ந்து செய்த 'தி சேக்ரட் ஆர்ட் ஆஃப் டப்'. தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு வந்து "இதில் என்ன இருக்கிறது?" என்று கமென்ட் போடாதீர்கள். பாதிப் பாட்டு அதில் கேட்கவே கேட்காது.