கேணிச் சேறு பூச்சிகளின் கழிவா?

கேள்வி: எங்கள் கோயில் கேணியில் மாரி முடிந்ததும் தண்ணீர் பச்சையாகும். பிறகு துள்ளித் துள்ளி நீந்தும் சிறு பூச்சிகள் பெருகினால் தெளிந்துவிடும். ஆனால் அடியில் கபில நிறச் சேறு கூடுகிறது. பூச்சிகளின் கழிவுதான் அது, பிளீச்சிங் பவுடர் போட்டு அழிக்கலாம் என்கிறார்கள். சரியா? (வாசகர், கோப்பாய்)

பதில்: போடாதீர்கள். பாசியும் பூச்சியும் ஒன்றாகச் செத்து அடியில் அழுகும். ஒட்சிசன் குறைந்து மீனும் மிதக்கும்.

நீங்கள் பார்க்கும் பூச்சி பெரும்பாலும் டப்னியா. கூடவே கொப்பிபொட் என்ற இன்னொரு சிறு நீர்ப்பூச்சியும் இருக்கலாம். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதே இவைதான். கொப்பிபொட்டின் எச்சம் (கழிவு) மெல்லிய உறைக்குள் குளிசை போல இறுகி வருவதால் சட்டென்று தாழும். டப்னியாவினுடையது தளர்வானது, கொஞ்சம் கலங்கினாலே பொடிந்துவிடும். பொடிந்தால் தாழ்வதும் மெதுவாகும்: விட்டம் பாதியானால் வேகம் காற்பங்குதான். அதற்குள் பற்றீரியா ஒட்டிக்கொண்டு கரைக்கத் தொடங்கிவிடும். நம்மூர் வெக்கையில் அந்த வேலை இன்னும் விரைவு.

ஆழமான ஏரியில், கரையாமல் அடி சேர்ந்த எச்சம் மேல்நீருக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். கேணியில் அப்படியில்லை. காற்று பலமாக அடித்தாலோ திலாப்பியா கிளறினாலோ எல்லாம் மேலே வரும். ஒட்சிசன் இல்லாத சேற்றிலிருந்து பொஸ்பரசும் கசியும். போதாததற்கு, இந்தப் பூச்சிகள் அமோனியாவையும் பொஸ்பேற்றையும் கரைந்த நிலையிலேயே வெளிவிடுகின்றன. அது தாழ்வதே இல்லை, அடுத்த பாசிக்கு உரம். (சில பாசிகள் டப்னியாவின் குடலுக்குள் போய் உயிரோடேயே வெளியே வந்துவிடும்!)

அப்போ சேறு எங்கிருந்து? இலைசருகு, பூமாலை, வெள்ளத்தோடு வந்த மண், செத்த பாசி. எச்சத்தின் பங்கு சிறிதாகவே இருக்கும். ஒரு பிடி சேற்றைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பாருங்கள். சில நிமிடத்தில் படிவது மணல், மண். நாள் முழுக்கக் கலங்கி நிற்பதில்தான் களி, பாசி, எச்சம் எல்லாம்.

தாழ்ந்துவிட்டதால் சத்து கேணியை விட்டுப் போகாது. மண்வெட்டியால் அள்ளினால்தான் போகும். தண்ணீர் வற்றும் ஆவணி, புரட்டாசியில் அள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் தெரியுமட்டும் தோண்ட வேண்டாம், வெடிப்பு வழியே அழுக்கு நேரே கிணறுகளுக்குப் போய்ச் சேரும். மெல்லிய படை சேற்றை விட்டு வையுங்கள். டப்னியாவின் உறங்கும் முட்டைகள் அதில்தான் இருக்கும், மழைக்குப் பொரிக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காமல் வாழைக்குப் போடுங்கள். கரையில் கிடந்தால் முதல் மழையே அதைத் திரும்பக் கேணிக்குள் இறக்கிவிடும்.