டப்பா மேல் ‘கிஃப்ட்’ – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகள் ஜெர்மனியில் படிக்கிறாள். தீபாவளிக்கு நான் அனுப்பிய அதிரசத்தில் கொஞ்சம் டப்பாவில் போட்டு, மேலே ‘கிஃப்ட்’ என்று எழுதி அறைத்தோழியின் மேசையில் வைத்திருக்கிறாள். அந்தப் பெண் தொடவே இல்லையாம். ஜெர்மனில் அதற்கு விஷம் என்று பொருளாம். ஸ்வீடன் தோழி ஒருத்தி, “எங்களுக்கு அது விஷமும்தான், கல்யாணமானவரும்தான்” என்று சிரித்திருக்கிறாள். எல்லாம் தற்செயலா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தற்செயல் இல்லை, எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் மூன்றுக்கும் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் ‘கொடு’ என்ற வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல் அது. என்ன கொடுத்தார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

ஸ்வீடன்காரர்கள் பெண்ணைக் கொடுத்தார்கள். கொள்வினை கொடுப்பினை பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்திலும் அது பெண்ணுக்காகத் தரும் பரிசப்பணம்தான்.

விஷத்தின் கதைதான் சுவாரசியம். கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்கும் அதுவே பெயர்; நாம் சொல்லும் ‘டோஸ்’ அங்கிருந்து வந்தது. லத்தீன் வழியாக வந்த அந்தச் சொல்லை ஜெர்மன்காரர்கள் தங்கள் ‘கிஃப்ட்’டால் பெயர்த்துக்கொண்டார்கள். ‘கொடுத்த மருந்து’ நாளடைவில் ‘கொடுத்துக் கொல்வது’ ஆகிவிட்டது. விஷம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் கூச்சம். நாமும் எலி மருந்து, பூச்சி மருந்து என்றுதானே சொல்கிறோம்? ஊரில் ஒருவன் ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றால், என்ன காய்ச்சலா என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தின் ‘பாய்சன்’கூட லத்தீனில் வெறும் ‘குடிப்பது’தான்.

ஆனாலும் பழைய பொருள் ஜெர்மனில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மிட்கிஃப்ட்’ என்றால், பெண்ணோடு சேர்த்துக் கொடுப்பது, அதாவது வரதட்சிணை. அதற்குள் விஷம் இருப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, பரிசுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘கெஷெங்க்’. அதன் வேர்ச்சொல்லுக்கு முதலில் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பது என்று பொருள்; பழைய மதுக்கடைக்கு ‘ஷெங்கே’ என்ற பெயரும் அதிலிருந்தே. அடுத்த டப்பாவில் மகளை அதையே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், விளக்கம் சொன்ன பிறகாவது அந்தப் பெண் அதிரசத்தைச் சாப்பிட்டாளா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.