இரவு 2 மணிக்கு வைத்த ஜாப் காலை ஏழரைக்கு ஓடுவது ஏன்?

கேள்வி: எங்களுக்கு ஒன்பது மருந்துக் கடைகள். பில்கள் எல்லாம் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்-இல் இருக்கும் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸில் சேர்கின்றன. முந்தைய நாள் விற்பனையைக் கடைவாரியாகக் கூட்டி ஒரு டேபிளில் போடுவதை இதுவரை ஒருவர் கையால் செய்துவந்தார். இப்போது அதைப் பிஜி கிரானில் (போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே வேலைகளை, அதாவது ஜாப்களை, குறித்த நேரத்தில் ஓட்டும் எக்ஸ்டென்ஷன்) இரவு 2 மணிக்கு வைத்தோம். காலை ஏழரைக்கு ஓடுகிறது. இரவு முழுக்கத் திறந்திருக்கும் இரண்டு கடைகளின் தொகை மட்டும் கடைக் கணக்கோடு ஒத்துவருவதில்லை. 90 நாளுக்கு மேற்பட்ட லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகளை அழிப்பதையும் இதிலேயே வைக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். பிஜி கிரான் நேரத்தை யூடிசி-யில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) படிக்கிறது. நீங்கள் கொடுத்த "0 2 * * *" (வரிசையாக நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை) என்பது யூடிசி 2 மணி, அதாவது இந்திய நேரம் காலை 7.30. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுத வேண்டும்: இரவு 2 மணிக்கு "30 20 * * *".

இதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் க்வெரியில் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை) முந்தைய நாளைக் கண்டுபிடிக்க 'கரன்ட் டேட்' (இன்றைய தேதி) கழித்தல் 1 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்டிஎஸ்-இல் அந்தத் தேதியும் யூடிசி தேதிதான். ஜூன் 15 இரவு 2 மணிக்கு ஜாப் ஓடும்போது யூடிசி-யில் இன்னும் ஜூன் 14, இரவு 8.30. அதில் ஒன்றைக் கழித்தால் 13. உங்களுக்கு வேண்டியது 14. நேரத்தைச் சரிசெய்த அன்றிலிருந்து கணக்கு ஒரு நாள் பின்தங்கும், ஜாப் வெற்றி என்றே பதிவாகும்.

இரண்டு கடைகளில் மட்டும் தொகை மாறுவதற்கும் இதுவே காரணம். இப்போது உங்கள் 'ஒரு நாள்' யூடிசி நள்ளிரவில் தொடங்குகிறது, அதாவது இங்கே காலை 5.30-க்கு. இரவு பத்து மணிக்குப் பூட்டி காலை எட்டுக்குத் திறக்கும் கடைக்கு அந்த இடைவெளியில் நாள் எங்கே வெட்டுப்பட்டாலும் தொகை மாறாது. இரவு 1 மணிக்கு விற்ற காய்ச்சல் மருந்து முந்தைய நாள் கணக்கில் போய் உட்காருவது திறந்திருக்கும் கடையில்தான். அந்த இரண்டு கடைகள் இல்லாவிட்டால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

ஆகவே தேதியைக் க்வெரிக்குள்ளேயே இந்திய நேரப்படி கேளுங்கள். 'நவ்' தரும் நேரத்தை 'அட் டைம் ஸோன் ஏஷியா/கொல்கத்தா' என்று மாற்றி, அதைத் தேதியாக்கி, ஒன்றைக் கழியுங்கள். பில் நேரத்துக்கான நெடுவரிசை 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' வகையாக இருந்தால், அந்தத் தேதியின் நள்ளிரவை அதே 'அட் டைம் ஸோன்' கொண்டு திரும்ப உண்மையான நேரமாக்கி, "தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், மறுநாள் தொடக்கத்துக்குக் கீழ்" என்று வடிகட்டுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, பில் நேர நெடுவரிசையையே இந்திய நேரத் தேதியாக மாற்றி ஒப்பிடுவது. விடை சரியாகத்தான் வரும். ஆனால் அந்த நெடுவரிசையில் போட்ட சாதாரண இன்டெக்ஸ் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அமைப்பு) பயன்படாமல் போய், டேபிள் முழுவதையும் படிக்க வேண்டிவரும்.

வாரம், மாதம் சார்ந்த ஜாப்களுக்கும் இதே கவனம் வேண்டும். திங்கள் இரவு 2 மணி என்பது யூடிசி-யில் ஞாயிறு; கிழமைக்கு 1 அல்ல, 0 எழுத வேண்டும். மாதம் 1-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து பத்து நிமிடத்தில் ஓட வேண்டியது யூடிசி-யில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் 18.40. அது 28-ஆ, 31-ஆ என்று கவலைப்பட வேண்டாம். பிஜி கிரான் 1.5 முதல் நாளுக்குரிய இடத்தில் டாலர் குறி போட்டால் மாதக் கடைசி நாள் என்று பொருள்: "40 18 $ * *".

இந்தக் கூட்டல் முழுவதையும் ஒரு ஃபங்ஷனாக்கி, தேதியை அதற்கு உள்ளீடாகக் கொடுங்கள்; தேதி தராவிட்டால் நேற்று என்று எடுத்துக்கொள்ளட்டும். ஜாப்பில் அந்த ஃபங்ஷனை அழைக்கும் ஒரே வரி இருந்தால் போதும். டேட்டாபேஸ் அந்த நேரத்தில் நின்றிருந்தால் தவறிய ஓட்டத்தை பிஜி கிரான் பிறகு தானாக ஓட்டாது. அப்போது விடுபட்ட தேதியைக் கொடுத்து நீங்களே ஃபங்ஷனை அழைத்துவிடலாம். அப்படித் திரும்ப ஓட்டும்போது தொகை இரட்டிக்காமலிருக்க, கடை எண்ணும் தேதியும் சேர்ந்த யுனீக் கீ (ஒரே ஜோடி இரண்டு வரியில் வராமல் தடுப்பது) ஒன்று போட்டு, 'இன்சர்ட்' வரியில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' (ஏற்கெனவே வரி இருந்தால் அதையே திருத்து) சேருங்கள். இணையம் போனபோது போட்ட பில்கள் தாமதமாக வந்து சேரும் கடைகள் இருந்தால், ஒவ்வொரு இரவும் கடைசி மூன்று நாளையும் மறுபடி கூட்டச் சொல்லுங்கள். யுனீக் கீ இருப்பதால் அதில் ஆபத்தில்லை.

இனி லாக் அழிப்பு. இதிலேயே வைக்கலாம், ஆனால் ஒரே 'டிலீட்'டில் லட்சக்கணக்கான வரிகளை அழிக்க வேண்டாம். ட்ரான்ஸாக்ஷன் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரே தொகுப்பு) நீண்டுபோகும், பாதியில் நின்றால் அதுவரை செய்தது அத்தனையும் வீண். 90 நாளைத் தாண்டிய வரிகளில் 10,000 ஐடிகளை மட்டும் 'லிமிட்' போட்டு எடுத்து அழிக்கும் க்வெரியை "*/5 20-22 * * *" என்று வையுங்கள். இந்திய நேரம் 1.30 முதல் 4.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மொத்தம் 36 ஓட்டம், அதிகபட்சம் 3,60,000 வரிகள். ஒரு நாளில் சேரும் லாக் இதைவிட அதிகமென்றால் 10,000-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஓட்டம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும் அதே ஜாப் இரண்டாக ஓடாது. அடுத்தது வரிசையில் காத்திருக்கும். லாக் டேபிளின் நேர நெடுவரிசையில் இன்டெக்ஸ் இருப்பது கட்டாயம். அழித்ததும் டிஸ்க் அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலியான இடத்தை ஆட்டோவேக்யூம் (போஸ்ட்கிரெஸ் தானாக ஓட்டும் 'வேக்யூம்' என்ற துப்புரவு) மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கும், அவ்வளவுதான்.

கையோடு 'வேக்யூம்' கட்டளையையும் அதே ஜாப்பில் சேர்க்க நினைத்தால் பிழை வரும். பல கட்டளைகளை ஒரே ஜாப்பில் எழுதினால் அவை ஒரே ட்ரான்ஸாக்ஷனாக ஓடும். 'வேக்யூம்' ட்ரான்ஸாக்ஷனுக்குள் ஓடாது. தனி ஜாப்பாக வையுங்கள்.

பிஜி கிரானை ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றாலும் புதிய சர்வருக்கு மாறும்போது இவை தேவைப்படும். டிஃபால்ட் பாராமீட்டர் குரூப்பை (ஆர்டிஎஸ் சர்வர் அமைப்புகளின் தொகுப்பு) மாற்ற முடியாது. தனியாக ஒன்று உருவாக்கி, 'ஷேர்டு ப்ரீலோட் லைப்ரரீஸ்' பட்டியலில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் கமா போட்டு பிஜி கிரானைச் சேர்த்து, ரீபூட் செய்ய வேண்டும். ரீபூட் இல்லாமல் இது அமலுக்கு வராது. எக்ஸ்டென்ஷனை 'போஸ்ட்கிரெஸ்' என்ற டேட்டாபேஸில்தான் உருவாக்க வேண்டும், உங்கள் பில்லிங் டேட்டாபேஸில் அல்ல. சாதாரண 'ஷெட்யூல்' ஃபங்ஷனில் வைக்கும் ஜாப்பும் அங்கேயே ஓடி, "ரிலேஷன் இல்லை" (டேபிள் இல்லை) என்று விழும். 'ஷெட்யூல் இன் டேட்டாபேஸ்' என்ற ஃபங்ஷனில் பில்லிங் டேட்டாபேஸின் பெயரைக் கொடுங்கள். ஜாப்புக்குப் பெயர் வைக்கவும் மறக்காதீர்கள். அதே யூசர் அதே பெயரில் மறுபடி வைத்தால் பழையது திருத்தப்படும்; பெயரில்லாமல் வைத்தால் ஒவ்வொரு முறையும் புது ஜாப் முளைத்து, ஒரே வேலை மூன்று முறை ஓடும்.

ஜாப்களுக்கென்று தனி யூசர் வைத்து, அதற்குத் தேவையான டேபிள்களில் மட்டும் அனுமதி கொடுத்து, அந்த ரோலுக்கே 'லாக் டைம்அவுட்' (இங்கே லாக் என்றால் பூட்டு; அதற்காகக் காத்திருக்கும் வரம்பு) 5 நொடி, 'ஸ்டேட்மென்ட் டைம்அவுட்' (ஒரு கட்டளை ஓடும் வரம்பு) 10 நிமிடம் என்று போட்டுவிடுவது நல்லது. 24 மணி நேரக் கடையில் இரவு 2 மணிக்கும் யாரோ பில்லுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்க வேண்டியது ஜாப்தான், அவர்கள் அல்ல.

ஒவ்வொரு ஓட்டமும் 'ஜாப் ரன் டீட்டெயில்ஸ்' டேபிளில் பதிவாகிறது. 'ஜாப் ஸ்டார்ட்அப் டைம்அவுட்' என்று தோல்வி தெரிந்தால் ஜாப்களைப் பின்னணியில் ஓட்டும் பேக்ரவுண்ட் வொர்க்கர்கள் போதவில்லை என்று பொருள். 'மேக்ஸ் வொர்க்கர் ப்ராசஸஸ்' அளவைக் கூட்டுங்கள், அல்லது ஒரே நிமிடத்தில் குவியும் ஜாப்களைப் பிரித்து வையுங்கள். இந்தப் பதிவு டேபிள் தானாகச் சுத்தமாகாது. முடிந்த நேரம் 7 நாளைத் தாண்டிய வரிகளை அழிக்க ஒரு தினசரி ஜாப் வைக்க வேண்டும்.

ஆனால் 'சக்சீடட்' என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். எஸ்க்யூஎல் பிழையின்றி முடிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஒரு வரியும் எழுதாத ஜாப்பும் 'சக்சீடட்'தான். சரிபார்க்க வேண்டியது விற்பனை டேபிளை: நேற்றைய தேதியில் ஒன்பது வரி இருக்கிறதா? அன்று விற்பனையே இல்லாத கடைக்கும் பூஜ்யம் என்று வரி வர, கடைகள் டேபிளிலிருந்து 'லெஃப்ட் ஜாயின்' செய்து கூட்டுங்கள். இந்தச் சோதனையை டேட்டாபேஸுக்கு வெளியே வையுங்கள். அமேசானின் நேரம் குறிக்கும் சேவையான ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்றே கொடுக்கலாம், கழித்தல் கணக்கு தேவையில்லை. காலை 6 மணிக்கு அது ஒரு லாம்டாவை (அழைக்கும்போது மட்டும் ஓடும் சிறு நிரல்) எழுப்பி, வரிகளை எண்ணி, ஒன்பதுக்குக் குறைந்தால் உங்களுக்கு மெயில் அனுப்பட்டும்.