புத்தகத்துக்குப் பீஸ் கணக்கு வேண்டாம், அம்மணி

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெருமாநல்லூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பு கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். இந்த வருஷம் 50 புத்தகம் படித்தே தீருவது என்று ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு நோட்டில் நம்பர் போட்டு வைத்தேன். ஆகஸ்ட் முடிந்துவிட்டது, நான்குதான் முடித்திருக்கிறேன். ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஒன்பது புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை. மார்ச்சில் எடுத்த ஒரு பெரிய நாவல் 140ஆம் பக்கத்திலேயே நிற்கிறது, அதை முடிக்காமல் வேறொன்றை எடுக்கவும் மனசு வரவில்லை. ராஜேஷ்குமார் நாவல் என்றால் ஒரே மூச்சில் முடித்துவிடுவேன், ஆனால் அதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். ராத்திரி படுத்தால் போனைத்தான் கை தேடுகிறது. வீட்டுக்காரர், "படிச்சு கலெக்டர் ஆகப் போறியா" என்கிறார். நாலாவது படிக்கும் பையனும் புத்தகத்தைத் தொடுவதில்லை. நேரத்தை எப்படித்தான் ஒதுக்குவது?
– திருப்பூர் வாசகி

பதில்:

அம்மணி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, நேரம் இல்லாததுதான் உங்கள் கஷ்டம் என்று தோன்றியது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன், கடிதம் முழுக்க எண்களாக இருக்கிறது. ஐம்பது, நான்கு, ஒன்பது, நூற்று நாற்பது. முடித்த அந்த நான்கு புத்தகங்கள் என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை, அதில் எது பிடித்தது, எதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. பகல் முழுக்க எத்தனை பீஸ் பாஸ், எத்தனை ஆல்டர், எத்தனை ரிஜெக்ட் என்று எண்ணிவிட்டு வருகிறீர்கள். வீட்டுக்கு வந்தும் அதே நோட்டைப் புத்தகத்துக்கும் திறந்து வைத்தால் மனசு எப்படி அந்தப் பக்கம் போகும்? அதனால்தான் கை போனைத் தேடுகிறது. போன் உங்களிடம் கணக்குக் கேட்பதில்லை.

இலக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலக்கு இல்லாவிட்டால் உங்களைப் போல வேலையும் குடும்பமும் பிள்ளையும் இருக்கிறவர்களுக்குப் படிப்பு எப்போதும் நாளைக்கு என்றுதான் தள்ளிப்போகும், எனக்கும் அப்படி ஆறேழு வருஷம் போயிருக்கிறது. ஆனால் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் அது நம்மை மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுக்க வைக்கும், பிடித்த இடத்தில் நிற்க விடாமல் ஓட வைக்கும், ஒரு வாரம் தவறினால் மொத்தத்தையும் கைவிட வைக்கும். உங்கள் 50ஐயே போட்டுப் பாருங்கள். சராசரி 200 பக்கம் என்றால் வருஷத்துக்கு 10,000 பக்கம், ஒரு நாள் விடாமல் நாளுக்கு 27 பக்கத்துக்கு மேல். ஷிப்மென்ட் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு வீடு திரும்பி, பையனுக்குச் சோறு போட்டுவிட்டு 27 பக்கமா? உங்களால் முடியவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. அது உங்கள் நாளைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை, யாரோ வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்குப் போட்ட கணக்கு.

என் யோசனை இதுதான். நாளுக்குப் பத்துப் பக்கம், வருஷத்தில் 300 நாள். மீதி 65 நாளை இப்போதே விட்டுவிடுங்கள், அதில் ஷிப்மென்ட் இருக்கும், மாரியம்மன் நோம்பி இருக்கும், பையனுக்குக் காய்ச்சல் இருக்கும், ஒன்றும் செய்யத் தோன்றாத நாளும் இருக்கும். அந்த நாட்களுக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம், முதலிலேயே கழித்தாயிற்று. பத்துப் பக்கத்துக்கு நிதானமாகப் படித்தாலும் இருபது நிமிஷம் போதும். 300 நாளில் 3,000 பக்கம், 200 பக்கப் புத்தகமாகப் பார்த்தால் 15. அந்தப் பதினைந்தையும் நோட்டில் எழுத வேண்டாம், அது தானாக வந்து சேரும்.

இது குறைச்சலாகத் தெரிகிறதா? 'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை வருஷம். அந்தக் காலத்து வாசகர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு நாவலை மூன்றரை வருஷம் படித்தார்கள், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக. அவர்களை மெதுவாகப் படிக்கிறவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சென்னிமலைப் பக்கம் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் நான்கு வீட்டுக்குச் சேர்த்து ஒரு இதழ் வருமாம். அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. சாயங்காலம் திண்ணையில் கடலைக்காய் உரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், அப்போது சின்னப் பெண்ணாக இருந்த எங்கள் அம்மா சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். மறுநாளில் இருந்து அடுத்த இதழ் வருகிற வரைக்கும், கிணத்தடியிலும் தறி ஓட்டுகிற இடத்திலும், வந்தியத்தேவன் தப்பிப்பானா, நந்தினி யார் என்று இதே பேச்சு. என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேலும் அந்தக் கதையில் யார் எப்போது எங்கே போனார்கள் என்று வரிசையாகச் சொல்ல வரும். நான் அதே நாவலைக் கல்லூரி விடுமுறையில் ஒன்பது நாளில் முடித்தேன், பாதி மறந்துவிட்டது. அந்த ஒன்பது நாளில் கதையோடு வாழ எனக்கு நேரமே இருக்கவில்லை.

இன்னொன்றும் அம்மாயியிடம் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் அந்த நாவலைக் கேட்டார், படிக்கவில்லை, ஆனாலும் அது அவருடைய நாவல்தான். காலையில் சட்னி அரைத்து டிபன் கட்டுகிற நேரத்தில் போனில் ஒலிப்புத்தகம் கேட்டால் அதுவும் உங்கள் படிப்பில் சேர்ந்ததுதான். தாராளமாகக் கேளுங்கள்.

அப்புறம் அந்த 140ஆம் பக்கம். அதை மூடிவிடுங்கள், இன்றைக்கே. மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்த ஒரு புத்தகம் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உள்ளே விடாமல் தடுத்திருக்கிறது. சீர்காழியில் பிறந்து நம் நாட்டு நூலகத் துறைக்கே அடித்தளம் போட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் இரண்டாவதும் மூன்றாவதும். வாசகரின் நேரத்தைச் சேமித்துக் கொடு என்பது நான்காவது. உங்கள் கையில் இருப்பது நல்ல நாவலாகவே இருக்கலாம், அதற்கான வாசகர் இந்த வருஷம் நீங்கள் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இருபத்தைந்து வயதில் அறுபது பக்கத்தோடு நின்றுபோன நாவல் ஒன்று உண்டு. நாற்பத்தொன்றில் எடுத்து நாலே ராத்திரியில் முடித்தேன். நடுவில் என் அப்பா இறந்திருந்தார், கதையில் அந்த மகன் ஏன் வீட்டுக்குத் திரும்பிப் போகத் தயங்குகிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் முறை வம்படியாக முடித்திருந்தால் இரண்டாம் முறை அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ராஜேஷ்குமார் நாவலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்கிற குழுவில் நீங்கள் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறீர்கள்? அவர் நம் கோயமுத்தூர்க்காரர், 1,500 நாவலுக்கு மேல் எழுதியவர். பஸ் ஸ்டாண்ட் கடையில் கொடியில் தொங்கிய அந்தச் சின்னப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டுதான் கொங்குப் பக்கத்தில் எத்தனையோ மில் தொழிலாளிகளும் டைப்பிஸ்டுகளும் படிக்கிற பழக்கத்துக்குள் வந்தார்கள், நானும் அப்படி வந்தவள்தான். ஒரே மூச்சில் படிக்க முடிகிற புத்தகம் உங்களுக்கு இருக்கிறது என்றால் பழக்கத்தை அங்கே இருந்துதான் மீட்க வேண்டும். முதல் ஒரு மாதம் அதையே படியுங்கள். தினமும் அந்த நேரத்துக்குப் புத்தகத்தைக் கை தேடுகிற நிலை வரட்டும், வந்த பிறகு மற்றது. அப்போது வேறு ருசியும் பார்க்கத் தோன்றினால் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' எடுங்கள். 1942இல் வந்தது, சின்ன நாவல், பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தாலும் சீக்கிரம் முடியும். புருஷனை இழந்த ஒரு பெண் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அதுதான் கதை. நம் ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கும், ஏதோ பக்கத்து வீட்டுத் தகராறை எட்டிப் பார்க்கிற மாதிரி. அவளோடு நீங்கள் சண்டை போடுவீர்கள், அவளுக்காகவும் சண்டை போடுவீர்கள்.

சரி, நேரம். பஸ்ஸை நம்பாதீர்கள். காலை நேரத்தில் பெருமாநல்லூரில் ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே பெரிது, போதாததற்குப் பாட்டு வேறு. எல்லோரும் பஸ்ஸில் படிக்கச் சொல்வார்கள், சொல்கிறவர்கள் உட்கார்ந்து போகிறவர்கள். உங்கள் நாளில் எனக்குத் தெரிகிற இடம் இரண்டு. ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள், தினமும் வேண்டாம், கூட வேலை பார்க்கிற பெண்களோடு பேசுவதும் உங்களுக்கு வேண்டியதுதான். டிபன் பையில் புத்தகம் இருக்கட்டும், குழம்பு கொட்டாத பக்கமாக ஒரு கவரில் போட்டு.

இன்னொன்று ராத்திரி. இங்கே மனசைக் கட்டுப்படுத்துகிற வேலை எல்லாம் நடக்காது, பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்புக்கு அந்தத் தெம்பு இருக்காது. அதனால் போனை முன் அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்க வாருங்கள். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பீர்கள், ஒரு டைம்பீஸ் வாங்கி வையுங்கள். தலைமாட்டில் புத்தகம், படுத்தபடி எட்டுகிற மாதிரி ஒரு விளக்கு. கை எதைத் தேடினாலும் கிடைப்பது புத்தகமாக இருக்கட்டும். மூன்று பக்கத்தில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், அது நல்ல தூக்கம். விட்ட பக்கத்தை மதியம் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். கலெக்டர் ஆகப் போகிறாயா என்ற கேள்வியை நம் வீடுகளில் பெண்கள் மூன்று தலைமுறையாகக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். படிப்பு என்றால் பரீட்சைக்கு, பரீட்சை என்றால் உத்தியோகத்துக்கு என்று பழகியதில் வருகிற கேள்வி அது, அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று இல்லை. அதற்காகச் சிரித்துவிட்டுப் போகவும் வேண்டாம். "இல்லைங்க, எனக்குப் பிடிச்சிருக்குது, அதனால படிக்கிறேன், இந்த இருபது நிமிஷம் எனக்கு வேணும்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சம்பாதிக்கிறீர்கள், சமைக்கிறீர்கள், ஒரு நாளில் இருபது நிமிஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ஒரு நாள் படித்ததில் நன்றாக இருந்த இடத்தை அவருக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்பது புத்தகங்களையும் இந்த ஞாயிற்றுக்கிழமை பையில் இருந்து எடுத்துவிடுங்கள். துணி துவைத்து, கறி எடுத்து, சமையல் முடிந்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு அமைதி வருமே, அப்போது ஒன்பதிலும் முதல் ஐந்து பக்கம் மட்டும் படியுங்கள். எது ஆறாவது பக்கத்தைத் திருப்ப வைக்கிறதோ அதுதான் அடுத்தது. எதுவும் திருப்ப வைக்காவிட்டால் அப்படியே அடுக்கி வைத்துவிட்டு ராஜேஷ்குமாருக்கே திரும்பிப் போங்கள். ஜனவரி வாக்கில் திருப்பூரிலும் புத்தகத் திருவிழா வரும், அதற்குள் இதில் மூன்று புத்தகமாவது முடிந்திருந்தால் புதிதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் சந்தோஷம்தான்.

நோட்டை எறிய வேண்டாம். நம்பர் போட்ட பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு, படித்ததில் மனசில் நின்ற ஒரு ஆள், ஒரு வரி, ஒரு சண்டை, எது தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படித்தாலும் எழுதுங்கள். வள்ளுவர் நல்லவர்களின் நட்பை 'நவில்தொறும் நூல்நயம் போலும்' என்கிறார், படிக்கப் படிக்க நயம் கூடும் நூலைத்தான் அந்த நட்புக்கு உவமையாக எடுக்கிறார். உங்கள் நோட்டில் மறுவாசிப்புக்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

பையனிடம் படி படி என்று சொல்லாதீர்கள். அம்மா சொன்னதை விட அம்மா செய்ததைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவன் இந்த எட்டு மாதமாக உங்கள் கையில் பார்த்தது போன். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிளை நூலகம் எது என்று விசாரியுங்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும், உங்களுக்கு அதுதானே லீவு. இரண்டு பேருக்கும் சேர்த்து உறுப்பினர் கார்டு போட்டுவிடுங்கள், காப்புத்தொகை பெரிதாக இருக்காது, ஆதாரும் போட்டோவும் கையில் கொண்டு போங்கள். அவன் எதை எடுத்தாலும், படக்கதையோ, கிரிக்கெட்டோ, பாம்பு பற்றியதோ, அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். ராத்திரி அவன் வீட்டுப்பாடம் முடித்த பிறகு உங்கள் பத்துப் பக்கத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள், அவன் கேட்கிறானா இல்லையா என்று பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு நாள் நீங்கள் நிறுத்தும்போது "அப்புறம்?" என்று கேட்டான் என்றால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தக் கடிதத்தில் புத்தகத்தின் பெயரையும் எழுதுங்கள்.