மழலைப் பள்ளிக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. அரசின் இலவச மழலைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. "அங்கே போனால் பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடும்" என்று நாத்தனார் தனியார் பள்ளியை வற்புறுத்துகிறார். அங்கே ஒரு வருடக் கட்டணம் எங்கள் இரண்டு மாத வருமானம். தனிநபர் கடன் வாங்கலாம் என்கிறார் கணவர். நாத்தனார் சொல்லிக் காரை மாற்றிய கடனும், வீட்டைப் புதுப்பித்த கடனும் இன்னும் ஓடுகின்றன. குழந்தைகள் கல்வி பாலிசி ஒன்றையும் எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பள்ளியைவிட அந்த இரண்டு கடன்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. நாத்தனார் சொல்கிறார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். இது மூன்றாவது முறை.

மாத வருமானத்தை 100 என்று வையுங்கள். இரண்டு வருடக் கட்டணம் 400. அதை 16 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடனாக எடுத்தால் தவணை 11-க்கு மேல் வரும். மொத்தம் கட்டுவது சுமார் 544. வட்டி மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம். மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் மழலைப் பள்ளிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, நாத்தனாரின் பயத்தில் நியாயம் உண்டா? அமெரிக்காவில் இதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பாஸ்டன் நகரின் அரசு மழலைப் பள்ளிகளில் 1997 முதல் 2003 வரை குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள், இடம் பெற்றவர்களில் சுமார் 8 சதவீதப் புள்ளி அதிகம். 1960-களில் மிச்சிகனில் ஏழைக் குழந்தைகளுக்காக நடந்த பெர்ரி மழலைப் பள்ளித் திட்டத்திலும் இதே போக்குதான்: ஆரம்பத்தில் ஏறிய ஐக்யூ சில வருடங்களில் கரைந்துவிட்டது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் பிற்கால வருமானமும் கூடின. இரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து மழலைப் பள்ளியை எடைபோடாதீர்கள்.

இன்னொரு அமெரிக்க மாநிலமான டென்னசியில் முடிவு தலைகீழ். 2022-ல் வந்த ஆய்வின்படி, அங்கே அரசு மழலைப் பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் ஆறாம் வகுப்பில், கிடைக்காதவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இவை எதுவும் அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளியோடு செய்த ஒப்பீடு அல்ல. ஆகவே கட்டணம் கட்டினால் படிப்பு நிலைக்கும் என்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை. அரசுப் பள்ளி என்பதால் மட்டும் நல்லதென்றும் சொல்ல முடியாது. ஒரு காலை முழுக்க அந்த வகுப்பில் இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுகிறாரா, அவர்கள் கேட்பதற்குக் காது கொடுக்கிறாரா, இல்லை வரிசையில் நிற்கவைப்பதிலேயே நேரம் போகிறதா? உங்களுக்குத் திருப்தி என்றால் தயங்காமல் சேருங்கள்.

பாலிசி வேண்டவே வேண்டாம். காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கட்டி விற்கும் இந்த வகையில் இரண்டுமே அரைகுறைதான். சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு மட்டும் எடுங்கள். புதுக் கடனுக்குப் போக இருந்த மாதம் 11-ஐ, பழைய இரண்டில் வட்டி அதிகமான கடனின் அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். இரண்டும் முடிந்த மாதமே அந்தத் தவணைத் தொகையை மகளின் மேற்படிப்புக்காகத் தொடர் வைப்பில் போடத் தொடங்குங்கள்.

இந்த முடிவை நாத்தனாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும், பள்ளி சேர்க்கைக்கு முன்பே.