ஒன்றரை மடங்கு வேகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு படமாவது பார்த்துவிடுவேன். 2024-இலிருந்து பார்த்தவற்றைப் பற்றி என் கருத்துகளை எழுதுகிறேன். ‘மகாராஜா’ இரண்டு முறை பார்த்தேன், திரைக்கதை பிரமாதம். ‘லப்பர் பந்து’ மனதுக்கு நிறைவு. ‘கங்குவா’ பார்த்துவிட்டு வந்து தலைவலி மாத்திரை போட்டேன். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வீட்டோடு போய்ப் பார்த்தோம், எல்லோருக்கும் பிடித்தது. ‘கொட்டுக்காளி’யில் ஒன்றுமே நடக்கவில்லை. பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. செல்போனில் 1.5 வேகத்தில் வைத்துத்தான் முடித்தேன். ‘மெய்யழகன்’ நல்ல படம், ஆனால் செம லேக். நீளத்தைக் குறைத்தார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். அப்படியும் டிவியில் ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன். அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். கொலுசு போட்டுவிடும் இடத்தில் அழுதார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

என் கேள்வி இதுதான். இத்தனை யூடியூப் விமர்சனங்கள் வருகின்றன. யாரை நம்பிப் படத்துக்குப் போவது?

ர.

அன்புள்ள தம்பிக்கு,

முதல் மூன்று வரிகளைப் படித்தபோது பதில் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ‘1.5’ என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சில மாதங்களாகவே அந்த எண் என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

‘மகாராஜா’, ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ விஷயத்தில் நமக்குள் சண்டையில்லை. ‘கங்குவா’வின் இரைச்சலைப் பற்றி நீங்களும் நானும் சொல்ல வேண்டியதே இல்லை. ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் தயாரிப்பாளர்கள் சேர்ந்து, தியேட்டர் வாசலில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அது தவறு. காசு கொடுத்து உள்ளே போனவன் வெளியே வந்து பேசத்தான் செய்வான்.

சரி, இப்போது திட்டப் போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

‘லேக்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? போனில் விளையாடும்போது நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள், திரை கொஞ்சம் கழித்து அசைகிறது. அதுதான் லேக். கை உங்களுடையது, கட்டளை உங்களுடையது, கருவி பிந்துகிறது. ஒரு படம் உங்கள் கட்டளைக்கு எப்போது காத்திருந்தது? அது தன் நடையில் போகிறது, நீங்கள் கூடப் போகிறீர்கள். பெரியவர் ஒருவரோடு தெருவில் நடக்கும்போது அவருடைய கையைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பீர்களா?

‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று கிட்டத்தட்ட 3 மணி நேரப் படமாக வெளியானது. சில நாட்களில் 18 நிமிடத்துக்கும் மேல் குறைத்தார்கள். நான் இரண்டையும் தியேட்டரில் பார்த்தவன். வெட்டியதில் இருவர் ராத்திரி முழுக்கப் பேசுகிற பேச்சும் உண்டு. கதையை யோசித்துப் பாருங்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். ஒருவன் ‘அத்தான் அத்தான்’ என்று மேலே விழுந்து பாசம் காட்டுகிறான். அருளுக்கு அவன் பெயர் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் கேட்டிருந்தால் அது வெறும் மறதி. சாப்பிட்டு, குடித்து, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவனுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கு அருளின் பெயரையே வைக்க நினைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அது குற்றம் ஆகிவிடுகிறது. விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடுகிறான். அந்தக் கூச்சத்தை எந்த வசனமும் உண்டாக்கவில்லை. நேரம்தான் உண்டாக்கியது. பேச்சு நீள நீளத்தான் அவன் கடன் ஏறுகிறது. நீங்கள் ஓட்டிவிட்டது அந்தக் கடனை. அப்புறம் அவன் ஏன் ஓடினான் என்று உங்களுக்கு எப்படி வலிக்கும்?

இயக்குநர் பிரேம்குமாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தியேட்டரில் கூட்டம் வர வேண்டும், நாலு பேர் பிழைக்க வேண்டும். ஆனால் வெட்டியது கேட்டுச் சந்தோஷப்பட்டேன் என்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 18 நிமிடம் என்றால் ஃபிலிம் கணக்கில் 1,600 அடிக்கு மேல். எனக்கு எதையும் அடியில் கணக்குப் போட்டுத்தான் பழக்கம். என் தாய்மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். வயலை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை. ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்குப் போடுவார்கள், முறுக்கு விற்கும். முதல் ஆட்டம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் நீளமான படம் வந்தால் முதலாளி கேபினுக்கு வந்து விரலைக் கத்தரிக்கோல் மாதிரி காட்டிவிட்டுப் போவார். மாமா பாட்டில்தான் கை வைப்பார். பாட்டுப் போனால் கதை போகாது என்று முதலாளி சொல்வார். வெட்டிய சுருளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, படப்பெட்டி திரும்பிப் போகிற அன்றைக்கு மறுபடி ஒட்டுவார். பிளேடால் ஃபிலிமின் ஓரத்தைச் சுரண்டி, பசையைத் தடவி, அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருப்பார். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு கட்டமாவது போய்விடும். அப்படி ஊர் ஊராக வெட்டி ஒட்டி வந்த படங்களைத்தான் நாங்கள் பார்த்தோம்.

ஒருமுறை அம்மாச்சி ஒரு படத்துக்கு வந்தாள். அதை முன்பே மன்னார்குடியில் பார்த்திருந்தாள். அதில் வருகிற தாலாட்டை இன்னொரு முறை கேட்பதற்காகவே தரை டிக்கெட் எடுத்து மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தாள். நான் மடியில். தாலாட்டு அன்றைக்கு டின்னில் இருந்தது. ஆனால் ஃபிலிமில் ஒரு வினோதம் உண்டு. படம் ஓடும் இடத்துக்குச் சுமார் 20 கட்டம் முன்னாலேயே அதற்கான ஒலி அச்சாகியிருக்கும். படத்தை எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் பாட்டின் தொடக்கம் ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒட்டிக்கொண்டு மிஞ்சிவிடும். திரையில் கோர்ட் காட்சி வந்துவிட்டது. அதன் மேல் ஒரு பெண் குரல் ‘ஆ’ என்று எடுத்து, அறுந்துபோனது. பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை. அம்மாச்சியின் கை என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, அப்படியே நின்றது.

ஆட்டம் முடிந்ததும் நேராகக் கேபினுக்குப் போனாள். “தாலாட்டு எங்கடா?” மாமா ஒன்றும் பேசவில்லை. டின்னைத் திறந்து சுருளை எடுத்து, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் ஒரு முழம் இழுத்துப் பிடித்தார். அம்மாச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாவற்றிலும் தொட்டில், குனிந்த முகம்.

“எல்லாம் ஒண்ணுபோலத்தானடா இருக்கு.”

“ஓடுனாத்தாம்மா தெரியும்.”

அன்றைக்கு இரண்டாவது ஆட்டத்தில் மாமா அதை ஒட்டிப் போட்டார். மறுநாள் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தத் திட்டை நான் கேபின் படியில் உட்கார்ந்து கேட்டேன்.

‘கொட்டுக்காளி’யில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்களே, அதுவும் இந்த ‘ஒண்ணுபோல’தான். அங்கே என்ன நடக்கிறது? ஒரு பெண் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்துவிட்டது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். படம் முழுக்க அவள் ஒரே ஒரு முறைதான் வாய் திறக்கிறாள். வாயடைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருக்கிறாள் என்பதுதான் அவள் பிடிவாதம். அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, ஒன்றுமில்லை என்றால் என்ன சொல்வது? ஆட்டோ சத்தம், சேவல், காற்று, இவைதான் அந்தப் படத்துக்குப் பின்னணி இசை. அந்தச் சத்தத்தை வேகமாக ஓடவிட்டால் காதுக்கு என்ன மிஞ்சும்? வழியில் காளை ஒன்று மறித்து நிற்கும். வந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் பயந்து நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போவாள். அவர்கள் நிற்கிற நேரம் உங்களுக்குச் சலிப்பாக இருக்க வேண்டும். இருந்தால்தான் அந்தச் சின்னப் பெண் வரும்போது அந்த ஆண்களின் வீரம் எவ்வளவு என்று தெரியும். இயக்குநர் வினோத்ராஜ் அதை அளந்து வைத்திருக்கிறார். பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை மாலை, தியேட்டரில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். முடிவில் திரை இருண்டதும் பின்வரிசையில் ஒருவர் “ஏய், அவ்வளவுதானா?” என்று கத்தினார். அவர் மனைவி, “நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று கேட்டாள். கார் நிறுத்துமிடம் வரை அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். முடிவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்காக இதைச் சொல்கிறேன்.

மாமா போன பிறகு அந்த டின் என்னிடம் வந்தது. திறந்தால் காடி வாடை அடித்தது. ஃபிலிம் கெட்டுப்போனால் அந்த வாடைதான் வரும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரிக்க முடிந்தது ஒரே ஒரு துண்டு, ஒன்றரை அடி. ஓர் அடிக்கு 16 கட்டம், ஆக 24 கட்டம். புரொஜெக்டரில் ஓடினால் சரியாக ஒரு நொடி. தொட்டில் இல்லை, ஏதோ வயல்வெளி, யாரோ ஒருவருடைய தோள். உங்கள் கடிதத்தில் ஒன்றரை என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோய் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

யாரை நம்பிப் படத்துக்குப் போவது என்று கேட்டீர்கள். மாதம் இரண்டு படம் பார்க்கிறவர், உங்கள் நாக்கை நீங்களே நம்புங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, ரிமோட்டை வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார், நம் அம்மாக்கள் சொல்ல மாட்டார்கள். அந்தக் கொலுசுக் காட்சிக்கு முன்னால் எவ்வளவு ஓட்டினீர்கள்? பையன் அருள் ராத்திரியில் தன் வீட்டை விட்டுப் பிரிகிற இடம் அவருக்கு முழுசாகக் கிடைத்ததா? அத்தனையும் ஓட்டியும் அவர் அழுதிருக்கிறார் என்றால், அவர் எந்த வீட்டை விட்டு வந்தவர் என்று நீங்கள் கேட்டதுண்டா? இந்த ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை அவர் கையில் கொடுத்து முதலிலிருந்து போடுங்கள். முடிந்ததும் கேட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்