கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கேமில் ஆன்டெனா ரேஞ்சையும் ராக்கெட் எடையையும் எப்படிச் சமன் செய்வது?

கேமில் வரும் டூனா கோளைச் சுற்றி, சிக்னலை வாங்கிக் கடத்தும் நான்கு ரிலே செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆர்ஏ-2 டிஷ் ஆன்டெனா. ஆனாலும் டூனா தள்ளிப்போகும்போதெல்லாம் சொந்தக் கோளான கெர்பினோடு தொடர்பு அறுகிறது, ஆன்டெனாவைக் கூட்டினால் ராக்கெட் தூக்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விண்கலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது தீராது. இரண்டு முனைகளிலும் உள்ள ஆன்டெனாக்களின் சக்தியைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் எட்டும் தூரம். நிஜ ரேடியோவிலும் தூரம் இரட்டித்தால் சிக்னல் கால்பங்காகிறது. 2016-இல் 1.2 பதிப்பில் வந்த இந்த ஏற்பாடு இயற்பியலை ஒட்டியே இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கெர்பினின் தரையில் இருக்கும் டிராக்கிங் ஸ்டேஷனை மூன்றாம் நிலைக்கு உயர்த்தினால் அதன் சக்தி 250ஜி (ஜி என்றால் நூறு கோடி, விடை மீட்டரில் வரும்). ஆர்ஏ-2-க்கு 2ஜி. பெருக்கி மூலம் எடுத்தால் சுமார் 2.2 கோடி கிலோமீட்டர். டூனாவோ அதிகபட்சம் 3.5 கோடி வரை விலகும். அறுகிறது என்றால் ஆச்சரியமில்லை.

சரி, நான்கு ஆர்ஏ-2-வையும் ஒரே கலத்தில் பூட்டினால்? சக்தி நான்கு மடங்காகாது, 2.8 மடங்குதான் ஆகும். 3.7 கோடி எட்டும், ஆனால் டூனா அதிகத் தொலைவில் இருக்கும்போது சிக்னல் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். எடை 0.6 டன். அடுத்த பெரிய டிஷ்ஷான ஆர்ஏ-15 ஒன்றே ஒன்று அதில் பாதி எடை, 6.1 கோடி எட்டும். அதனால் சின்ன டிஷ்களை அடுக்குவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

நான் இருப்பது தடாவில், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில். செவ்வாய்க்குப் போன மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது. அதிலிருந்த பெரிய ஆன்டெனாவின் விட்டம் 2.2 மீட்டர். பெங்களூரு அருகே பியாலாலுவில் இஸ்ரோவின் டிஷ் 32 மீட்டர். இதை அண்ணன் மகனிடம் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டான்: "அப்போ சித்தப்பா, தரையில இருக்கிறதை ராக்கெட் தூக்க வேணாமே. மொதல்ல ஸ்டேஷனைத்தானே அப்கிரேட் பண்ணணும்?" அதேதான். பணம் சம்பாதித்து வசதிகளை உயர்த்தும் கேரியர் முறையில் முதல் நிலை ஸ்டேஷனுக்கு 2ஜிதான். அதோடு ஆர்ஏ-15 சேர்ந்தாலும் 55 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டாது. பணம் இருந்தால் முதலில் அங்கே போடுங்கள்.

அப்புறம், நான்கிலும் பெரிய டிஷ் தேவையில்லை. இரண்டில் மட்டும் ஆர்ஏ-15 வையுங்கள், ஒன்று கோளுக்குப் பின்னால் மறைந்தால் மற்றது பேசும். மீதி இரண்டுக்கும் 0.07 டன் எடையுள்ள ஹெச்ஜி-5 என்ற சின்ன ரிலே ஆன்டெனா போதும். தரையிறங்கும் ரோவரில் கம்யூனோட்ரான் 16 என்ற சின்ன ஆன்டெனா இருந்தாலே, ஆர்ஏ-15 உள்ள ரிலேயை 86,000 கிலோமீட்டர் வரை பிடிக்கும். டூனாவின் ஈர்ப்பு எல்லையே அதைவிடச் சின்னது. சந்திரயான்-3-இன் பிரக்யான் ரோவரும் லேண்டரோடு மட்டும்தான் பேசியது, பூமியோடு நேரடியாக அல்ல.

வாங்கும்போது ரிலே வகைதானா என்று பாருங்கள். டிடிஎஸ்-எம்1, கம்யூனோட்ரான் 88-88 என்ற ஆன்டெனாக்கள் இரண்டும் தன் தகவலை மட்டுமே அனுப்பும், அடுத்தவர் சிக்னலைக் கடத்தாது.

டிஷ்ஷைக் கலத்தின் நடு அச்சில் பொருத்துங்கள். பக்கவாட்டில்தான் இடம் என்றால் எதிர்ப்பக்கம் பேட்டரி வைத்து எடையை ஈடுகட்டுங்கள், இல்லையென்றால் எஞ்சின் எரியும்போது கலம் ஒரு பக்கமாகத் திரும்பும். செட்டிங்கில் ரேஞ்ச் பெருக்கியை ஏற்றி வைக்கும் வழியும் உண்டு. அதைத் தொடாமல் ஒருமுறை முயன்று பாருங்கள்.